சிம்ஸ் 4-ல் பந்தல், கிணறு, மொட்டைமாடித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டி அதில் 'சிம்' என்ற மனிதர்களைக் குடிவைக்கும் கணினி விளையாட்டு சிம்ஸ் 4. கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அதை விளையாடும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே வீட்டுக்கு வெளியே கட்டுவது பற்றியவை. ஹாலில் சோபாவை எந்தப் பக்கம் போடுவது என்று சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பந்தல் போடச் சொல்லித்தர ஆள் இல்லை. விசைகள் எல்லாம் விண்டோஸ் கணினிக்கு உரியவை.

அக்கா, இதுக்குக் காசு குடுத்து வாங்கணுமா?

வேண்டாம். 2014 செப்டம்பரில் வந்தபோது விலைக்கு விற்றார்கள். 2022 அக்டோபர் 18 முதல் அடிப்படை விளையாட்டு இலவசம். கூடுதல் பொருள்களும் வசதிகளும் தரும் பேக்குகளுக்குத்தான் காசு. கீழே சொல்வதில் பெரும்பகுதி இலவசத்திலேயே நடக்கும். பேக் தேவைப்படும் இடத்தில் பேர் சொல்லிவிடுகிறேன். என் கணக்கில், பேக் இல்லாத பிள்ளைகள் கட்டுவதுதான் பல சமயம் சோக்காக வருகிறது. இருக்கிற பொருளை வேறொன்றாகக் காட்டியே ஆகவேண்டிய நிலைமை அவர்களுக்கு.

கட்ட ஆரம்பிக்கும் முன்னாடி என்ன தட்டணும்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலத்தில் 'பிபி', ஒரு புள்ளி, 'மூவ்ஆப்ஜெக்ட்ஸ்', ஒரு இடைவெளி, 'ஆன்' என்று தட்டி என்டர் கொடுங்கள். இனிமேல் ஒரு பொருளின் மேல் இன்னொன்றைத் திணிக்கலாம். விளையாட்டை மூடித் திறந்தால் மறுபடி தட்ட வேண்டும். 'நேத்து வேலை செஞ்சுது, இன்னிக்கு செய்யல' என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

அதன் பிறகு கையில் பழக வேண்டியவை நாலைந்து. பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கன்ட்ரோலும் 9-ம் அழுத்தினால் அது மேலே எழும்பும். கன்ட்ரோலும் 0-வும் இறக்கும். ஷிஃப்ட்டோடு மூடும் சதுர அடைப்புக்குறி பெரிதாக்கும், திறக்கும் அடைப்புக்குறி சிறிதாக்கும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டே நகர்த்தினால் கட்டத்துக்குக் கட்டுப்படாமல் போகும், நினைத்த கோணத்தில் திரும்பும். மேசை மேல் வைக்கிற பொருள் தானாகப் போய் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டால், எம் விசையைத் தட்டுங்கள். மவுஸ் எங்கே இருக்கிறதோ அங்கேயே உட்காரும். தப்பாகிப் போனால் கன்ட்ரோல் இசட்.

காசு தீர்ந்துவிட்டதா? அதே பெட்டியில் 'மதர்லோட்' என்று தட்டினால் 50,000 சிமோலியன், அதாவது விளையாட்டுக் காசு, வரும். கட்டிப் பழகுகிற காலத்தில் இதற்கெல்லாம் மனசாட்சி பார்க்க வேண்டாம்.

கேட்டலாக்ல பந்தல்னு ஒண்ணும் இல்லையே, எப்படிப் போடறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பதிலும் நீளம்.

முதலில் நம் தெருவில் பந்தல்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் சமயத்தில் ஏதாவது ஒரு அம்மன் கோயில் வாசலில் போய் நின்றால் போதும். சவுக்குக் கட்டையை நடுகிறார். அதன் தலையில் குறுக்குக் கட்டை. அதற்கு மேல் எதிர்த்திசையில் மூங்கில் கழிகள். எல்லாம் கயிற்றுக் கட்டு. கடைசியில்தான் கீற்று. விளையாட்டிலும் இதே வரிசையில் போனால் பந்தல் 'நிற்கிற' மாதிரி தெரியும். முதலிலேயே கூரையைப் போட்டுவிட்டு அப்புறம் தூண் செருகினால் எவ்வளவு அலங்கரித்தாலும் பஸ் ஸ்டாப்பாகத்தான் இருக்கும்.

தூணுக்குத் தூண்கள் பிரிவிலேயே மெல்லிசான மரத் தூண் ஒன்றை எடுங்கள். வரி வரியாகச் செதுக்கிய வெள்ளைத் தூண்கள் வேண்டாம், அவை கல்யாண மண்டப முகப்புக்கு. 4 கட்டம் நீளம், 3 கட்டம் அகலம் போதும். நான்கு மூலைக்கு நான்கு, நீளவாக்கில் நடுவில் ஒவ்வொன்று. தூணின் உயரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தத் தளத்தின் சுவர் உயரத்தைப் பார்த்து அதுவே மாறும். சுவர் உயரம் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று. ஆனால் மாற்றினால் வீட்டின் தரைத்தளம் முழுக்க மாறிவிடும். பந்தல் மட்டும் தணிவாக வேண்டுமென்றால் அதன் அடியில் ஒரு மேடை போட்டு உயர்த்துங்கள். மேடைக் கருவி 2020 நவம்பரில் வந்த இலவச அப்டேட்டில் சேர்ந்தது. தரை ஏறும், மேல்மட்டம் அப்படியே இருக்கும், தூண் குறுகிவிடும். காய்ப் பந்தல் என்றால் கை நீட்டினால் காய் எட்ட வேண்டும். அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

குறுக்குக் கட்டைக்கு ஸ்பான்ட்ரல். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் மேலே தொங்கவிடும் அலங்காரப் பட்டை அது. வளைவும் பூவேலையுமாக நிறைய இருக்கும். அவற்றில் இருப்பதிலேயே மொட்டையானதை எடுத்து, கட்டத்துக்கு ஒன்றாக இணைகோடு போல இழுங்கள். பிறகு எதிர்த்திசையில் இன்னொரு அடுக்கு. வலைப்பின்னல் வந்துவிடும். தூணுக்கும் பட்டைக்கும் ஒரே மர நிறம் கிடைக்காவிட்டால் பட்டையை ஒரு சாயல் வெளுப்பாக எடுங்கள், வெயிலில் காய்ந்த மூங்கில் அப்படித்தான் இருக்கும்.

வேண்டுமென்றே ஒரு தூணை மாற்றி வையுங்கள். ஐந்து சவுக்கும் ஒரு இரும்புக் குழாயுமாக நிற்கிற பந்தலை நாம் பார்த்ததில்லையா?

பந்தல் மேல கொடி ஏத்தறது எப்படி? படர்ற கொடியே இல்லையே.

கொடி தேவையில்லை, புதர் போதும். தரையில் வைக்கிற குட்டைப் புதர், அடர்ந்த இலைச்செடி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 9 தட்டித் தட்டிப் பின்னல் உயரத்துக்கு ஏற்றுங்கள். பட்டைகளுக்கு நடுவே பாதி புதைந்து நின்றால் தண்டு மறைந்து இலை மட்டும் தெரியும். அதையே நகலெடுத்து, ஆல்ட் அழுத்தித் திருப்பித் திருப்பி வையுங்கள். ஒவ்வொன்றின் அளவையும் கொஞ்சம் மாற்றுங்கள், இல்லையென்றால் அச்சடித்த மாதிரி இருக்கும். சுவரில் ஒட்டும் படர்கொடிகளும் உண்டு. அவற்றைப் பக்கத்துச் சுவரில் ஏற்றி, பந்தலைத் தொடும் இடத்தில் முடித்தால் கொடி சுவர் வழியாக ஏறி மேலே பரவியதுபோல இருக்கும்.

முழுக்க மூடிவிடாதீர்கள். வெயில் விழும் பக்கம் அடர்த்தி, எதிர்ப்பக்கம் ஓட்டை ஓட்டையாக. கொடி எப்போதும் வேர் இருக்கும் மூலையிலிருந்துதான் பரவும். ஆகவே ஒரு தூணின் அடியில் தொட்டியோ பாத்தியோ வைத்து, அங்கிருந்து தள்ளிப்போகப் போக இலையைக் குறையுங்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் நம்பிவிடும்.

புடலங்காய் தொங்க வேண்டுமா? அலங்காரப் பிரிவில் ஒல்லியாக, நீளமாக, பச்சையாக எது கிடைத்தாலும் சிறிதாக்கித் தூக்கித் தொங்கவிடுங்கள். காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டுவார்களே, அதற்கு ஒரு கூழாங்கல்லைச் சிறிதாக்கி அடியில் ஒட்டினால், பார்த்தவுடன் ஊர்க்காரர் சிரித்துவிடுவார்.

கீற்றுக் கொட்டகை?

அதற்குக் கூரைத்துண்டு போதும். சிம்ஸ் 4-ல் கூரையின் அடியில் அறை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. திறந்த வெளியில் தூண்களுக்கு மேல் போடலாம். சாய்வை நன்றாகக் குறைத்துவிடுங்கள். இறவாரத்தை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் நீளும். மழை அடிக்கும் பக்கம் நீட்டிவிட்டு மறுபக்கம் கட்டையாக விடலாம். ஓலை வேய்ந்த கூரை 2019-ல் வந்த ஐலண்ட் லிவிங் பேக்கில் இருக்கிறது. இல்லாதவர்கள் மங்கிய பழுப்பு நிறக் கூரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் நிறத்தை எடுத்தால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வடசென்னைக்கு அதுவும் பொருத்தம்தான்.

கொட்டகையில் பல்பு தொங்கவிட முடியவில்லை என்பார்கள். கூரையின் அடியில் விளக்கு ஒட்டாது, மேல்தளத்தில் தரை ஓடு இருந்தால்தான் ஒட்டும். மேல்தளத்துக்குப் போய் விளக்கு வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஓடு போடுங்கள், கூரை அதை மறைத்துவிடும்.

உறைகிணறு கட்ட முடியுமா?

முடியும், இலவசமாகவே. ரொமான்டிக் கார்டன் ஸ்டஃப் என்ற பேக்கில் வரம் கேட்கும் கிணறு ஒன்று வருகிறது. அது நம் கிணறு இல்லை. ஓட்டுக்கூரையும் பூவேலையுமாக, பிஸ்கட் டப்பா மேல் அச்சடித்த படம் மாதிரி இருக்கும்.

நீச்சல்குளக் கருவியை எடுங்கள். 3x3 சதுரம் போட்டு, நான்கு மூலையையும் குறுக்கே வெட்டினால் எண்கோணம். தூரத்திலிருந்து வட்டம்தான். அதைச் சுற்றி அரைச்சுவர்களில் இருப்பதிலேயே குட்டையானதைக் குறுக்குவாட்டிலும் இழுத்துச் சேருங்கள். உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் பூச்சு நிறம். குளத்தின் உட்புறத்துக்குப் பளபள ஓடு வேண்டவே வேண்டாம், இருப்பதில் இருட்டான நிறம். சுற்றிலும் அடைத்துவிட்டதால் சிம் யாரும் உள்ளே இறங்கி நீந்தப் போவதில்லை. அந்த விஷயத்தில் கவனமாக இருங்கள்: ஒரு சிம் நீந்திக்கொண்டிருக்கும்போது சுவரை எழுப்பினால் வெளியே வர வழியில்லாமல் செத்துப்போவார். இந்த விளையாட்டில் நீச்சல்குளமே 2014 நவம்பரில் ஒரு அப்டேட்டில்தான் வந்தது. வந்த முதல் நாளே பாதி உலகம் இதைத்தான் செய்து பார்த்திருக்கும்.

ஜகடைக்கு: இரண்டு பக்கமும் மெல்லிசான கம்பம் ஒவ்வொன்று, நடுவில் ஒரு பட்டை. வட்டமான ஏதாவது சுவர்ப்பொருளை, அது கடிகாரமோ தட்டோ, சிறிதாக்கித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் குடம் வேண்டும். பூச்சாடிகளில் வயிறு பெருத்தது எது என்று பாருங்கள். பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறம் மாற்றி வரிசையாக வைத்தால் லாரித் தண்ணீருக்கு இடம்போட்ட வரிசை.

துளசி மாடம்?

2x2 கட்டத்துக்குத் தாழ்வாக ஒரு மேடை, அதன் மேல் 1x1-க்கு உயரமாக இன்னொன்று. இரண்டுக்கும் ஓரப்பூச்சு காவியும் வெள்ளையும் மாறி மாறி. மேலே சதுரத் தொட்டி, அதில் ஒரு செடியைச் சிறிதாக்கி எம் விசையால் உட்கார வையுங்கள். விளக்குக்கு மெழுகுவர்த்தியைச் சிறிதாக்கி, மேடை விளிம்பில். எதிரே கோலத்துக்கு வெள்ளை நிறப் பூவேலை உள்ள குட்டி விரிப்பு.

மொட்டைமாடித் தோட்டம் நம்ம ஊர் மாதிரியே வரமாட்டேங்குது.

தோட்டத்தை முதலில் வைப்பதுதான் காரணம். நம் மாடியில் தோட்டம் கடைசியாக வந்த குடித்தனக்காரர். ஏற்கெனவே அங்கே தண்ணீர் டேங்க் இருக்கிறது, கொடிக்கயிறு இருக்கிறது, மேல்மாடி எழுப்பும்போது உதவும் என்று விட்டு வைத்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, உடைந்த நாற்காலி இருக்கிறது. மிச்ச இடத்தில்தான் தொட்டி.

ஆகவே கைப்பிடிச்சுவர் முதலில். வேலி போடாதீர்கள், அரைச்சுவர். பிறகு படிக்கட்டு வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன அறை, அதன் தலையில் டேங்க். டேங்குக்கு உருளையான எந்தத் தொட்டியையும் பெரிதாக்கிக் கறுப்பு நிறம் கொடுத்தால் போதும். ஈகோ லைஃப்ஸ்டைல் பேக் உள்ளவர்களுக்குச் சோலார் தகடு, தண்ணீர் சேகரிக்கும் கருவி, சுவரோடு நிற்கும் அடுக்குத் தொட்டி எல்லாம் உண்டு. அந்த அடுக்குத் தொட்டியில் உண்மையாகவே பயிர் செய்யலாம். துணிக்கொடிக்கு 2018 ஜனவரியில் வந்த லாண்ட்ரி டே ஸ்டஃப்.

அதன் பிறகு தொட்டி. ஒரே மாதிரி ஆறு தொட்டியைக் கோடு போட்டு வைத்தால் ஆபீஸ் வரவேற்பறை. நம் வீடுகளில் பெயின்ட் டப்பா, அரிசி மூட்டைப் பை, உடைந்த பக்கெட். விளையாட்டில் குப்பைக்கூடை, மரப்பெட்டி, சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் தொட்டியாகப் பாருங்கள். மேலே ஒரு செடியைத் தூக்கி உள்ளே செருகினால் முடிந்தது. சிம் தண்ணீர் ஊற்றிப் பறிக்க வேண்டிய செடிகளை மட்டும் அதற்கான பாத்தித் தொட்டியிலேயே, அதன் அளவிலேயே விடுங்கள். சுற்றியிருப்பது எல்லாம் வேஷம் போடலாம், அது போடக்கூடாது.

பச்சை நிழல்வலைக்குக் கண்ணாடி அறை நல்ல மாற்று. சீசன்ஸ் பேக் இருந்தால் இதற்கு ஒரு பயனும் உண்டு: வெளியே இருக்கும் செடி தன் பருவம் போனால் உறங்கிவிடும், கூரையோடு மூடிய அறைக்குள் இருப்பது வருடம் முழுக்கக் காய்க்கும். மாடியில் பனி கொட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் ஐலண்ட் லிவிங்கின் சுலானி தீவுகளில் கட்டுங்கள். அங்கே கடல் காற்றுதான்.

ஒரே முற்றத்துல நாலு குடித்தனம் இருக்கற மாதிரி கட்டலாமா?

2023 டிசம்பரில் வந்த ஃபார் ரென்ட் பேக்கில் ஒரே மனையில் ஆறு குடித்தனம் வரை வைக்கலாம். வடசென்னை லைன் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேக் இல்லை. வீடுகளை இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டு நடுவில் நீளமாகச் சந்து விடுங்கள். குழாய், துவைக்கிற கல், முருங்கை, கோலம் எல்லாம் அந்தச் சந்தில். முற்றத்தைப் பொது இடமாக ஒதுக்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் ஒரு குடித்தனத்துக்குச் சொந்தமாகி மற்றவர்கள் நுழைய முடியாது.

ரோட்டை விட வீடு பள்ளத்துல இருக்கு. அதையும் காட்ட முடியுமா?

ரோட்டை மறுபடி மறுபடி போட்டு உயர்த்தி, வீட்டு வாசலில் படி இறங்கிப் போகிற நிலைமை. பழைய வண்ணாரப்பேட்டை ஆளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். விளையாட்டில் ரோட்டைத் தொட முடியாது. மனையின் முன்பக்கம் நீளவாக்கில் ஒரு மேடை போட்டு உயர்த்தி, அதற்குத் தார் நிறத் தரை கொடுங்கள். அதிலிருந்து முற்றத்துக்கு இரண்டு படி இறக்கம். மேடையை மனையின் முழு அகலத்துக்கும் இழுக்காமல் ஒரு ஓரம் வழி விடுங்கள், அல்லது தெருப்பக்கமும் ஒரு படி வையுங்கள். மேடை உயரமாக இருந்தால் படி இல்லாமல் சிம் ஏறமாட்டார். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் ஒரு குட்டிக் கட்டு; அதற்குத் தாழ்ந்த அரைச்சுவர்த் துண்டு போதும்.

மண்ணை ஏற்றி இறக்கும் கருவி 2018 நவம்பரிலிருந்து இருக்கிறது. இதற்கு அது சரிப்படாது, மனையின் விளிம்பில் மண் அசையாது. பின்பக்கத் தோட்டத்தில் வாய்க்கால், மழைநீர் நிற்கும் குட்டை என்று போட அது நல்ல கருவி.

சிம் வந்து நின்னுக்கிட்டு கையைக் கையை ஆட்டறாரு, நகர மாட்டேங்கறாரு.

வழி அடைபட்டிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று திணிக்க அனுமதி வாங்கிவிட்டோம் அல்லவா, கண்ணுக்கு இடம் இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஏதோ ஒரு பொருள் கட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டி முடித்தபின் ஒரு சிம்மை வாசலிலிருந்து கிணறு வரை, கிணற்றிலிருந்து மாடி வரை நடக்கவிட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் குற்றவாளி கிடைப்பார்; பெரும்பாலும் பெரிதாக்கிய செடிதான்.

மோட் போடணுமா?

ஒன்றே ஒன்றைச் சொல்வேன். மோட் என்பது விளையாடுகிறவர்களே எழுதி விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் கோப்பு. டூல் என்று ஒரு மோட் இருக்கிறது. பொருளைப் படுக்க வைக்கலாம், சாய்க்கலாம், மண்ணுக்குள் இறக்கலாம், மனைக்கு வெளியே கொண்டுபோகலாம். விளையாட்டில் இயல்பாக இவை எதுவும் நடக்காது. சாய்ந்த சவுக்குக் கட்டை, பாதி புதைந்த அம்மிக்கல் எல்லாம் அப்போதுதான் வரும். ஆனால் பந்தலும் கிணறும் மோட் இல்லாமல் கட்டிப் பழகிய பிறகு போடுங்கள். விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் மோட்கள் தகராறு செய்யும், அதனால் முன்னாடியே சேமிப்புக் கோப்பை நகலெடுத்து வையுங்கள்.

லேப்டாப் சூடாயி கத்துதே!

கிராஃபிக்ஸ் அமைப்பில் லேப்டாப் மோட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். மனையையும் சின்னதாக எடுங்கள். 20x15 மனையில் பந்தல், கிணறு, கொட்டகை மூன்றும் அடங்கும். 64x64 எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனதுதான் அதிகம். இடம் இல்லாமல் கட்டுவது நமக்கு என்ன புதுசா?

கேலரியில ஏத்தினா மத்தவங்களுக்குச் சரியா வருமா?

நாலு பக்கமும் திறந்த பந்தலை அறையாகச் சேமிக்க முடியாது. முழு மனையாகச் சேமியுங்கள். எஃப்4 அழுத்தினால், கட்டியதை மற்றவர்களோடு பகிரும் இடமான கேலரி திறக்கும். எந்தெந்தப் பேக் பயன்படுத்தினீர்கள் என்பது தானாகவே காட்டப்படும். இறக்குகிறவர் மூவ்ஆப்ஜெக்ட்ஸை முதலிலேயே தட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று விவரத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். எழுதாவிட்டால், 'உன் புடலங்காயைக் காணோம்' என்று யாராவது வந்து கேட்பார்கள்.